சீனக்குடா வானமும் கொர்னீலியாவும்

உவர்மலை,
திருகோணமலை.

அன்புள்ள சரசு,

உன் கடிதம் போன கிழமையே கிடைத்துவிட்டது. பதில் எழுதப் பிந்தியதற்குக் கோவிக்காதே. இவருக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தார்கள். ஒரு நாளைக்கு ஆறு தரம் மருந்து விடவேண்டும், குனிய விடக்கூடாது, தலையில் தண்ணீர் படக்கூடாது. அந்தக் காவலிலேயே இரண்டு கிழமை போய்விட்டது. இப்போது நல்ல சுகம். விடியற்காலையில் முற்றத்தில் நின்று, மறுகரையில் சீனக்குடாவில் எழும்பும் பயிற்சி விமானத்தை எனக்கு முன்னமே கண்டுபிடித்துச் சொல்கிறார். உன் முழங்கால் எப்படி? எண்ணெய் பூசிக்கொண்டு இருக்காமல் டொக்டரிடம் காட்டு என்று நான் சொன்னதைச் செய்தாயா?

வீட்டில் இன்னொரு விஷயம் நடக்கிறது. அதைத்தான் உன்னிடம் ஆறுதலாகக் கதைக்கவேண்டும் என்று இருந்தேன். சின்னவள், என் பேத்தி, கணிதப் பிரிவில் உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறாள் அல்லவா? என்ஜினியரிங் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில் இருந்து, இரத்மலானையில் விமானம் ஓட்டப் பழக்குகிறார்களாம், அதற்குப் போகப்போகிறேன் என்றாள். மூத்தவன் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினான். காசைப் பற்றி முதலில் சொன்னான். அது உண்மைதான், சின்னக் காசு இல்லை. ஆனால் அவன் முகத்தில் இருந்தது காசுக் கவலை இல்லை, சரசு. 2023 ஆகஸ்டில் இங்கே சீனக்குடாவில் பயிற்சி விமானம் விழுந்து இரண்டு பேர் செத்துப்போனார்கள். ஊரே அதைப் பற்றித்தான் கதைத்தது. அந்தச் செய்தி வந்த பின்னேரம் அவன் பேசாமல் வாசலில் இருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவனுக்குப் பயம். தகப்பனுக்கு வராத பயமா?

அப்புறம் நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, உனக்கு ஏன் இது வந்தது என்று கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் போனை எடுத்து ஒரு பெண்ணின் படத்தைக் காட்டினாள். கொர்னீலியா ஃபோர்ட். நான் அந்தப் பெயரை அதற்கு முன் கேள்விப்பட்டதே இல்லை. அன்று இரவு அவள் வாசித்துக் காட்டக் காட்டக் கேட்டேன். பிறகு நானே தேடித் தேடி வாசித்தேன். இந்தக் கடிதத்தில் பாதி அவளைப் பற்றித்தான் வரப்போகிறது. பொறுமையாக வாசி.

1919இல் அமெரிக்காவில் நாஷ்வில் என்ற ஊரில் பிறந்தவள். பெரிய பணக்கார வீடு. தகப்பன் ஒரு வைத்தியர், காப்புறுதிக் கம்பனி ஒன்றைத் தொடங்கியவர்களிலும் ஒருவர். அவளுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது ஊருக்கு விமான வேடிக்கை காட்ட வந்தார்கள். தகப்பன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார். பார்த்துப் பயந்துபோய், மூன்று ஆண்பிள்ளைகளையும் நிறுத்தி வைத்து, ஒரு நாளும் விமானம் ஓட்டமாட்டோம் என்று பைபிளில் கை வைத்துச் சத்தியம் வாங்கினார். கொர்னீலியாவிடம் மட்டும் வாங்கவில்லை. பெண்பிள்ளை விமானம் ஓட்டுவாள் என்று அவருக்கு நினைக்கவே தோன்றவில்லை.

இந்த இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். தொண்ணூறு, நூறு வருஷத்துக்கு முன் ஒரு தகப்பன் மகளைத் தடுக்கவேண்டும் என்றுகூட யோசிக்கவில்லை. என் மகன் தடுக்கிறான். சத்தம் போடுகிறான், சாப்பிடாமல் எழும்பிப் போகிறான். அதாவது தன் மகள் நிச்சயமாக ஓட்டிவிடுவாள் என்று அவனுக்குத் தெரிகிறது. அன்று இரவு அவன் மேல் எனக்கு இருந்த கோபம் இதை நினைத்ததும் பாதியாகிவிட்டது.

கொர்னீலியா படிப்பை முடித்து ஊருக்கு வந்தாள். 1940இல் தகப்பன் இறந்தார். அதே ஆண்டில் அவள் விமானம் பழகினாள். பழகியவள் அதோடு நிற்கவில்லை, மற்றவர்களுக்குப் பழக்கும் லைசென்ஸையும் எடுத்தாள். நாஷ்வில்லில் முதல் பெண் பயிற்றுநர் அவள்தான். யுத்தம் வரும் என்று அமெரிக்க அரசாங்கம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு விமானம் பழக்கும் திட்டம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்த காலம் அது. அதில் பத்து ஆண்களுக்கு ஒரு பெண் என்று கணக்கு. 1941 நடுப்பகுதியில் அந்த ஒரு பெண்ணையும் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஆனால் கற்பிக்க ஆள் தேவைப்பட்டது. அதனால் கொர்னீலியா கொலராடோவுக்குப் போய், ஆண்பிள்ளைகளுக்குப் பழக்கினாள். பிறகு ஹவாயில், ஹொனலூலுவில் வேலை கிடைத்தது. வயது 22.

1941 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணி ஆகவில்லை. ஜோன் ரொஜர்ஸ் விமான நிலையத்தில் ஒரு மாணவனோடு மேலே போயிருந்தாள். இன்டர்ஸ்டேட் கடெட் என்ற சின்ன விமானம். குழாய்ச் சட்டத்துக்குத் துணி போர்த்திய விமானம், சரசு. ஒருவர் பின் ஒருவராக இரண்டு பேர் இருக்கலாம். இருவருக்கும் ஆளுக்கொரு கட்டுப்பாட்டுத் தடி, காலுக்கு ஆளுக்கொரு சோடி மிதி. மாணவன் தடியை அசைத்தால் ஆசிரியையின் தடியும் அசையும். அதனால் அவன் கையில் நடுக்கம் இருந்தால் அவளுக்குத் தெரியும். அன்று இறங்குவதும் எழும்புவதும்தான் பாடம். ஓடுதளத்தில் சில்லுப் பட்டவுடன் திரும்ப எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, திரும்ப இறங்குவது. தனியாக ஓட்ட விடுவதற்கு முன் இதைத்தான் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார்கள்.

திரும்ப இறங்குவதற்காகச் சுற்றி வரும்போது கடல் பக்கமிருந்து ஒரு படை விமானம் வருவதைக் கண்டாள். ஹொனலூலுவில் படை விமானம் புதுமை இல்லை, அதனால் பெரிதாக எடுக்கவில்லை. அடுத்த நிமிஷம் பார்த்தால் அது நேராக இவர்களை நோக்கி வருகிறது. மாணவன் கையிலிருந்து தடியை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்து, எஞ்சினுக்கு முழு விசை கொடுத்து, மேலே ஏற்றிவிட்டாள். அந்த விமானம் இவர்களுக்குக் கீழே, அவ்வளவு நெருக்கமாகப் போனது. அது போன வேகத்தில் இந்த விமானத்தின் ஜன்னல் எல்லாம் அதிர்ந்தது. யார் இந்த மடையன் என்று குனிந்து பார்த்தாள். இறக்கைகளில் செக்கச் சிவந்த வட்டம். ஜப்பான். அவளால் நம்ப முடியவில்லை. அமெரிக்கக் கடற்படைத் துறைமுகம் இருக்கும் பேர்ல் ஹார்பர் பக்கம் திரும்பிப் பார்த்தாள், கரும்புகை எழும்பிக்கொண்டிருந்தது. ஒரு விமானத்திலிருந்து வெள்ளிபோல ஏதோ ஒன்று மின்னி மின்னிக் கீழே விழுந்தது. விழுந்து துறைமுகத்தின் நடுவில் வெடித்தது. அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. துப்பாக்கிச் சூட்டுக்குள் எப்படியோ இறக்கி, மாணவனோடு ஓடிக் கொட்டகைக்குள் புகுந்தாள். அன்று காலை மேலே போன சின்ன விமானங்களில் இரண்டு திரும்பி வரவில்லை. பல கிழமை கழித்துத்தான் அவை குண்டு துளைத்தபடி கரையொதுங்கின.

இதை வாசித்தபோது எனக்கு யார் ஞாபகம் வந்தது தெரியுமா? என் அம்மா. பேர்ல் ஹார்பருக்குச் சரியாக நான்கு மாதமும் இரண்டு நாளும் கழித்து, 1942 ஏப்ரல் 9, நம் ஊரில் குண்டு விழுந்தது. அம்மாவுக்கு அப்போது எட்டு வயது. பேர்ல் ஹார்பரை அடித்த ஆறு விமானந்தாங்கிக் கப்பல்களில் ஐந்து இங்கே வந்தன. அங்கே விமானங்களுக்குத் தலைமை தாங்கிய ஃபுசிதாதான் இங்கேயும் தலைமை தாங்கி வந்தான். சீனக்குடா ஓடுதளமும் துறைமுகமும் அவர்களுக்குக் குறி. எண்ணெய்த் தாங்கி ஒன்றில் ஜப்பான் விமானம் மோதி நாள்கணக்கில் எரிந்ததாக இங்கே எல்லோரும் சொல்வார்கள், நீயும் கேட்டிருப்பாய். அதே நாள் உன் மட்டக்களப்புக் கடலில்தான் ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலைத் தாட்டார்கள். 307 பேர் அதோடு போனார்கள்.

அம்மா சொல்லும் கதையில் கப்பலும் இல்லை, தாங்கியும் இல்லை. அம்மம்மா இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாளாம். சத்தம் கேட்டதும் உரலை அப்படியே போட்டுவிட்டு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வேலி ஓரத்தில் படுத்தாளாம். அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தபோது, தென்னை ஓலைக்கு மேலே சிவப்புப் பொட்டு வைத்த இறக்கை போனதாம். அடுத்த நாள் மாட்டுவண்டியில் தம்பலகாமத்துக்குப் போய்விட்டார்கள். அம்மா சாகும்வரை அதைச் சிவப்புப் பொட்டு என்றுதான் சொல்வாள். கொர்னீலியா மேலிருந்து குனிந்து பார்த்த அதே வட்டத்தை, அம்மா கீழே மண்ணில் படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்திருக்கிறாள். இத்தனை வருஷம் அந்தக் கதை எங்கள் வீட்டுக் கதை என்றுதான் நினைத்திருந்தேன்.

எல்லோரும் கொர்னீலியாவைப் பேர்ல் ஹார்பரை வானத்திலிருந்து கண்ட பெண் என்று எழுதுகிறார்கள். அது சரிதான். ஆனால் முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்குப் பௌதிகம் படிப்பித்தவள் நான். எனக்கு அந்தக் காலைப்பொழுதில் தெரிவது ஆசிரியையின் கைதான். அந்தப் பையன் அன்று தடியைப் பிடித்திருக்கிறான், அவள் விட்டிருக்கிறாள். அவன் கோணலாக இறக்கும்போதும் எத்தனையோ தரம் விட்டிருப்பாள், இல்லாவிட்டால் அவன் பழகமாட்டான். பிடுங்கவேண்டிய அந்த ஒரு நொடியில் யோசிக்காமல் பிடுங்கினாள். ஒரு மூச்சுப் பிந்தியிருந்தால் இரண்டு பேரும் இல்லை. அந்தக் கணக்கு எந்தப் புத்தகத்திலும் வராது.

பலாலியில் நாம் பயிற்சிக் கலாசாலையில் இருந்தபோது, முதல் முதல் வகுப்பெடுக்கப் போன நாளை யோசித்துப் பார். மேற்பார்வைக்கு வந்த சேர் பின்வாங்கில் இருந்தார். நான் கரும்பலகையில் சமன்பாட்டைப் பிழையாக எழுதிவிட்டேன். அவருக்குத் தெரியும், என் முதுகுக்கும் அது தெரிந்தது. அவர் வாயே திறக்கவில்லை. நான் இரண்டு வரி போய், நானே கண்டு, அழித்து எழுதினேன். வெளியில் வந்து நான் அழுதேன், நீ தண்ணீர் கொண்டுவந்து தந்தாய். அன்று பலாலிக்கு இறங்கும் விமானம் ஒன்று தாழப் போனது, அந்தச் சத்தத்தில் நான் அழுதது ஒருவருக்கும் கேட்கவில்லை என்று நீ சொன்னாய். அன்று அவர் எழும்பித் திருத்தியிருந்தால் நான் ஆசிரியை ஆகியிருப்பேனோ தெரியாது.

இப்போது சின்னவளுக்கு நான் ஸ்கூட்டி பழக்குகிறேன். காலை ஆறு மணிக்கு ஏகாம்பரம் மைதானத்துப் பக்கம் சனம் இருக்காது. அவள் முன்னால், நான் பின்னால். விமானத்தில் என்றால் பின்னால் இருப்பவருக்கும் ஒரு தடி இருக்கும். எனக்கு அவள் தோள் மட்டும்தான். மூன்றாம் நாள் கடற்கரை ரோட்டில் மான் ஒன்று குறுக்கே பாய்ந்தது. நம் ஊர் மான்களுக்குத்தான் ரோட்டும் ஒன்று, புல்லும் ஒன்று. நான் பதறி, அவள் இடுப்பைத் தாண்டிக் கையை நீட்டிப் பிறேக்கைப் பிடித்தேன். ஸ்கூட்டி ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். அவளுக்கு முழங்கை உரஞ்சியது. எழும்பி மணலைத் தட்டிவிட்டு, "அப்பம்மா, நான் கண்டுட்டன். நான்தானே பிடிக்க வெளிக்கிட்டன்" என்றாள். உண்மை. அவள் விரல்கள் ஏற்கெனவே பிறேக்கில் இருந்தன.

அதற்குப் பிறகு இரண்டு கையையும் என் தொடையில் வைத்துக்கொண்டு இருக்கிறேன். வைத்திருப்பது சுலபமில்லை, சரசு. ஒவ்வொரு சந்தியிலும் கை தானாக எழும்புகிறது. நேற்று மணிக்கூட்டுக் கோபுரப் பக்கம் ஓட்டோ ஒன்று சிக்னல் போடாமல் திரும்பியது. அவள் மெதுவாக்கி, விலத்தி, போனாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது அவளுக்குத் தெரியாது. கொர்னீலியாவை நான் இந்தப் பின்சீட்டில் இருந்துதான் விளங்கிக்கொண்டேன்.

மிச்சக் கதையையும் சொல்லவேண்டும். பேர்ல் ஹார்பருக்குப் பிறகு அவளுக்கு அங்கே பறக்க வழியில்லை. இங்கிலாந்தில் பெண் விமானிகள் விமானங்களைத் தளத்துக்குத் தளம் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே வரச்சொல்லித் தந்தி வந்தது, ஆனால் தீவை விட்டு நேரத்துக்குக் கிளம்ப முடியாமல் போய்விட்டது. 1942 செப்டெம்பரில் அமெரிக்காவும் அப்படி ஒரு பெண்கள் அணியைத் தொடங்கியது. அதில் சேர்ந்த இரண்டாவது பெண் அவள். சேர்வதற்கே 500 மணி நேரம் பறந்திருக்கவேண்டும். அதே வேலையைச் செய்த ஆண்களுக்கு மாதம் 380 டொலர், பெண்களுக்கு 250. படையின் விமானத்தை ஓட்டினார்கள், படையாட்களாகக் கணக்கில் எடுக்கப்படவில்லை. இதை வாசித்தபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை.

1943 மார்ச் 21. கலிஃபோர்னியாவிலிருந்து டெக்சாஸுக்கு ஒரு பயிற்சி விமானத்தைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். கூடவே ஆண் விமானிகளும் தங்கள் தங்கள் விமானங்களில் பறந்தார்கள். டெக்சாஸில் மேர்க்கெல் என்ற ஊருக்குப் பக்கத்தில், கூடப் பறந்த ஒருவரின் விமானம் நெருங்கி வந்து, அதன் சில்லு இவளுடைய இடது இறக்கையில் பட்டது. இறக்கை உடைந்து, விமானம் நேரே நிலத்தில் விழுந்தது. வயது 24. அப்போது அவள் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்திருந்தாள். அமெரிக்கப் படை வேலையில் பறந்து இறந்த முதல் பெண் விமானி அவள். ஹவாயில் எதிரே வந்ததை அவள் கண்டாள், விலத்தினாள். இது பக்கத்தில் கூடப் பறந்தது. அந்த இடத்தை நான் இரண்டு தரம் வாசிக்கவில்லை.

அந்த அணிப் பெண்களும் பிறகு சேர்ந்தவர்களுமாக 38 பேர் யுத்தம் முடிவதற்குள் இறந்தார்கள். படையாட்கள் இல்லை என்பதால் உடலை ஊருக்கு அனுப்பக்கூடச் செலவு கொடுக்கவில்லை. தோழிகள் தங்களுக்குள் காசு சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். அவர்களும் போர்வீரர்கள்தான் என்று சட்டம் ஒப்புக்கொண்டது 1977இல். இறந்து முப்பத்துநான்கு வருஷம் கழித்து.

இவ்வளவையும் மூத்தவனுக்குச் சொல்லலாமா, வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அவள் செத்த கதையைச் சொன்னால் பயம் கூடும். மறைத்தால் அது பொய். கடைசியில் போன வெள்ளிக்கிழமை, கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டு இறங்கி வரும்போது சொன்னேன். சத்தியம் வாங்கிய தகப்பனிலிருந்து மேர்க்கெல் வரைக்கும், ஒன்றும் விடாமல். அவன் குறுக்கே பேசவில்லை. கொர்னீலியா 1942 ஜனவரியில் தன் தாய்க்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள், அதையும் சொன்னேன். தான் கோரமாகச் செத்துப்போனால் என்று தொடங்கி, தனக்கு எங்கே எப்போது சந்தோஷமாக இருந்தது என்று எழுதுகிறாள். விடியற்காலையில் வானத்தில், காற்று அசையாமல் ஆதரவாகத் தடவுகிற மாதிரி இருக்கும்போது. பொழுது சாயும்போது, கடைசி வெளிச்சத்தில் வானம் முழுக்க நனைந்திருக்கும்போது. பேர்ல் ஹார்பர் நடந்து இரண்டு மாதம் ஆகவில்லை, அதற்குள் அந்தப் பிள்ளை அம்மாவுக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறது.

கோட்டை வாசலுக்கு வரும்வரைக்கும் அவன் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே மான்கள் நின்றன. சின்னவள் முன்னால் போய் ஒன்றுக்கு வாழைப்பழத் தோல் கொடுத்துக்கொண்டிருந்தாள். "அம்மா, அந்தத் தாய்க்கு அந்தக் கடிதம் எப்ப கிடைச்சது?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தோம்.

திங்கட்கிழமை காலை தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுக்கும்போது, அவன் சின்னவளின் கண்ணாடியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். விமானிகளுக்குக் கண் பரிசோதனை எப்படி, கண்ணாடி போட்டால் எடுப்பார்களா என்று அவளிடம் கேட்டான். அவள் என்னைப் பார்த்தாள். நான் கோப்பையை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அடுத்த மாதம் இரண்டு பேரும் இரவு மெயிலில் கொழும்புக்குப் போய், இரத்மலானையில் நேரிலே விசாரிக்கப் போகிறார்கள். விசாரிக்க மட்டும்தான் என்று மூன்று தரம் சொல்லிவிட்டான். விசாரிக்கட்டும்.

நீ பங்குனி உத்தரத்துக்கு இங்கே வருவதாகச் சொன்னாயே, அது நிச்சயம்தானே? வரும்போது இரண்டு சட்டி தயிர் கட்டாயம். உன் முழங்காலுக்கு மாடிப்படி வேண்டாம், கீழ் அறையை ஒழுங்கு செய்து வைக்கிறேன். விடியற்காலையில் முற்றத்தில் கதிரை போட்டு இருக்கலாம். ஆறரைக்கு முதல் விமானம் எழும்பும். சின்னவள் அதன் சத்தத்தைக் கேட்டே, இது இறங்குகிறது, இது ஏறுகிறது என்று சொல்வாள்.

இவர் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

அன்புடன்,
உன் இராசம்